மாப்ளே, என்னய செயலாளரா வரச் சொல்றாங்கடா

மாப்ளே,

நல்லாருக்கியா, தங்கச்சி பசங்கெல்லாம் சொகமா. இங்க அம்மாவுக்கு முட்டிவலி, தறி பாதி நாள்தான் ஓடுது, மத்தபடி ஒன்னும் கொறையில்ல. விசியத்துக்கு வர்றேன். நம்ம மாவட்ட ஜூடோ சங்கத்துக்கு என்னய செயலாளரா வரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. சிரிச்சு முடிச்சிட்டியா? சரி மேல படி.

சங்கத்துக்காரங்கள பாத்தாலே சால்வை பார்ட்டின்னு நம்ம ரெண்டு பேரும் ஓட்டுனதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்குது. ஆனா போன மே மாசம் என்ற பொண்ண ஒரு செலக்சனுக்கு கூட்டிட்டுப் போனேன் பாரு, அதுலருந்து மனசு ஒரு மாதிரியா இருக்குது. எந்த ஊரு, யாரு நடத்துனாங்கன்னு எழுத மாட்டேன், கேக்காத. ஒரு கல்யாண மண்டபம், விழுந்து பொரள தரையில விரிக்கற மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல வெரல் போற சந்து, அதுல பிரவுன் டேப்பு ஒட்டி வச்சிருக்காங்க. எந்த எடைப் பிரிவுன்னு பாக்க எடை போடறது ஒரு எலக்ட்ரானிக் தராசு, கோணலான டைல்ஸ் மேல. இப்பிடி நகத்துனா ஒரு எடை, அப்பிடி நகத்துனா எரநூறு கிராம் கம்மி. அங்க ஒரு பொண்ணு, ஏழாவதோ எட்டாவதோ படிக்கும், அந்த வெயில்ல ரெயின்கோட்டு மாட்டிக்கிட்டு மண்டபத்த சுத்திச் சுத்தி ஓடுது. அப்பங்காரன் தண்ணி பாட்டில கையில வச்சுக்கிட்டு குடுக்காம, துப்பு துப்புங்கறான். எச்சி துப்புனா எடை கொறையுமாமா. என்ற பொண்ணு கேக்குது, ஏனுங்கப்பா அந்தக்கா துப்புதுன்னு. நான் என்னத்தச் சொல்ல. நெம்ப நேரம் நிக்கல, அவளுக்கு இளநி வாங்கிக் குடுக்கற சாக்குல வெளிய கூட்டிட்டு வந்துட்டேன்.

பொறவு ராத்திரி தூக்கம் வராம ஃபோன நோண்டிக்கிட்டு இருந்தப்பதான் ஜப்பான் சமாச்சாரம் கண்ணுல பட்டுது. 2022ல அங்க இருக்கற அகில ஜப்பான் ஜூடோ ஃபெடரேசன், ஆரம்பப் பள்ளிப் பசங்களுக்கு நடத்திக்கிட்டு இருந்த தேசியப் போட்டியவே நிறுத்திட்டாங்க மாப்ளே. ஒத்திவைப்பெல்லாம் கெடையாது, இனி இல்லவே இல்லன்னு நிறுத்திட்டாங்க. அஞ்சாவது ஆறாவது படிக்கற பொடுசுகள எடை கொறைக்க வைக்கறாங்க, பெத்தவங்களும் கோச்சும் ரெஃப்ரிய வையறாங்க, ஜெயிச்சே தீரணும்கற வெறி குழந்தைக்கு ஆகாதுன்னு. அப்ப தலைவரு யாரு தெரியுமா, உன்ற சாமி யமாஷிதாதான்! 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல கெண்டைக்கால் சதை போயும் நொண்டி நொண்டித் தங்கம் வாங்குன மனுசன். ஜெயிக்கறதுன்னா என்னன்னு அவருக்கா தெரியாது?

அத படிச்சதும், அட ஒரு ஃபெடரேசனுக்கு இதுவும் வேலைதானேன்னு உறைச்சுது. நாம என்ன நெனச்சோம்? டீம் எடுக்கறது, கப்பு குடுக்கறது, ஃபோட்டோவுக்கு நிக்கறது. உள்ள போய்ப் பாத்தா வேற மாதிரி இருக்குதுடா. ஒரு நாட்டுக்கு ஒரு ஃபெடரேசனத்தான் சர்வதேச ஃபெடரேசன் ஏத்துக்குது, உலகப் போட்டிக்கு பேரு குடுக்கணும்னா அந்த வழியாத்தான் போயாகணும். லிந்தோய் சனம்பம் இருக்குது பாரு, மணிப்பூர் பொண்ணு, 2022ல சரயேவோவுல கேடட், அதாவது 18 வயசுக்குள்ளவங்க உலகப் போட்டியில 57 கிலோவுல தங்கம், ஜூடோவுல எந்த வயசுப் பிரிவுலயும் நம்ம நாட்டுக்கு அதுதான் மொத உலகப் பட்டம், பொறவு 2025ல லிமாவுல ஜூனியர் வெண்கலமும் வாங்கிருச்சு. அதப் பழக்குனது கர்நாடகா விஜயநகர்ல இருக்கற தனியார் இன்ஸ்டிடியூட். எவ்வளவு நல்லாப் பழக்குனாலும் பேரு கொடுக்கற கையி ஃபெடரேசன் கையிதான். அந்தக் கையி மொடங்கிக் கெடந்தா புள்ள என்னடா பண்ணும்?

மொடங்கவும் செஞ்சுதே. அதே 2022ல டெல்லி ஐகோர்ட்டு நம்ம நாட்டு ஃபெடரேசன நடத்தறதுக்கு ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருத்தரப் போட வேண்டியதாப் போச்சு. அந்த வருசமே பர்மிங்காம் காமன்வெல்த்துல சுசீலா தேவியும் தூலிகா மானும் வெள்ளி, விஜய் யாதவ் வெண்கலம். மேல நாற்காலிக்கு கேஸு, கீழ புள்ளைங்க மெடல் அடிக்குதுங்க. இத எண்ணி பெருமப்படறதா தலையில அடிச்சுக்கறதான்னே தெரியல.

இப்ப 2025ல பார்லிமெண்ட்டுல தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம்னு ஒன்னு கொண்டாந்திருக்காங்க. தேசிய ஃபெடரேசன்னா செயற்குழுவுல 15 பேருக்கு மேல கூடாது, பொம்பளைங்க 4 பேராவது இருக்கணும், நல்லா ஆடி பேரு வாங்குனவங்களும் உள்ள இருக்கணும், தகராறுன்னா தனித் தீர்ப்பாயம். நல்லதுதான். ஆனா நம்ம சங்கத்து மீட்டிங்குக்குப் போனேன், பொம்பளைன்னு பாத்தா டீ கொண்டாந்த அக்கா மட்டுந்தான். பொண்ணுங்கள எடை போடற ரூமுக்கு நிக்க ஒரு பொம்பள ரெஃப்ரி வேணும்னு கேட்டேன், பாக்கலாமுங்கனு ஒரு பெரியவரு சொன்னாரு. நம்மூரு பாக்கலாமுங்க உனக்குத் தெரியாததா.

பிரான்சுல பாரு, கிளப்புல சேர்ற ஒவ்வொருத்தனுக்கும் ஃபெடரேசன் லைசென்ஸ், இன்சூரன்ஸும் அதோடயே வருது. 5 லட்சம் பேருக்கு மேல அப்பிடி இருக்காங்களாம். இங்க ஒரு பையன் தோள்பட்டை எறங்கிருச்சுன்னா அவங்கப்பன் கந்துவட்டிக்கு ஓடறான்.

இதுல ஒரு விசியத்துல மட்டும் யமாஷிதா சொல்றத அப்படியே எடுத்துக்க முடியலடா. அங்க ஊருக்கு ஊரு டோஜோ, அதான் ஜூடோ பழகற கூடம் இருக்குது, ஒரு போட்டிய நிறுத்துனா நாளைக்கும் மேட்டுல எறங்கலாம். சென்னிமலைப் பையனுக்கு வருசத்துக்கு ஒன்னோ ரெண்டோ போட்டி, அதையும் நிறுத்திட்டா அவன் கபடிக்குப் போயிருவான். அதனால நிறுத்தறது நமக்கு ஆகாது. தராச சரியா வைக்கணும், மேட்டு சந்த அடைக்கணும், ரெயின்கோட்டு போட்டு ஓடுனா அந்தப் புள்ளய அன்னைக்கு எறக்க மாட்டோம்னு அப்பங்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு ஒருத்தன் வேணும். எவன் சொல்லுவான்? ஒறம்பரை, பங்காளி, ஒரே ஊருக்காரன்னு வந்துருமே. அங்கதான் எனக்கும் பயமா இருக்குது, நெசமாத்தான் சொல்றேன்.

அப்பறம் உனக்கு ஒரு நியூஸு. உன்ற கால்புடி இருக்குதே, ரெண்டு கையிலயும் காலை வாரி வாரி நம்ம கூட்டாளி மைனர மல்லாத்துவியே, அத சர்வதேச ரூல்ல எடுத்துட்டாங்கன்னு பொலம்புன இல்ல, 2025ல அகில ஜப்பான் சாம்பியன்ஷிப்புல மட்டும் திரும்ப விட்டாங்க. உலகத்துக்கு ஒரு ரூல் இருந்தாலும் ஊட்டுக்குள்ள நடத்தற போட்டிக்கு எங்க ரூலுன்னு ஃபெடரேசனே முடிவு பண்ணியிருக்குது. அதே வருசம், நடுவுல எடுத்துட்ட யூகோங்கற சின்னப் பாயிண்ட்டும் திரும்ப வந்திருச்சு. ஆனா நம்ம ரெஃப்ரிங்க பாதிப் பேருக்கு அது போனதே தெரியாது, அதனால வந்ததுலயும் கொழப்பமே இல்ல!

பார்வை இல்லாதவங்க ஜூடோவுக்கு தனி அமைப்பு இருக்குது, 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல கபில் பர்மார் வெண்கலம் வாங்குனது அந்த வழியா வந்துதான். நம்ம காலேஜு பக்கத்துல அந்த ஸ்கூல் இருக்குதே, அங்க போய் கேக்கலாமானு ஒரு ஓசன. அது பொறவு.

இப்ப எனக்கு வேண்டியது நீதான். ரெஃப்ரி பரிட்சை பாஸ் பண்ணுன சர்டிபிகேட்ட பீரோவுல பூட்டி வச்சிருக்கியே, அத எடு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம பெருந்துறைக்கு வா, நம்ம ரெஃப்ரிங்களுக்கு புது ரூல சொல்லிக் குடு. பஸ்ஸு காசு நான் தர்றேன், சங்கத்துல காசு இல்ல, மொதல்லயே சொல்லிட்டேன். நீ வர்றேன்னா நான் செயலாளருக்கு சரிங்கறேன், இல்லாட்டி தறியவே பாத்துக்கறேன். புதன்கெழமைக்குள்ள பதில் போடு, அவங்க அதுக்கு மேல காத்திருக்க மாட்டாங்க. மைனருகிட்ட மட்டும் இப்ப மூச்சு விடாத, பொருளாளர் போஸ்ட்டு எனக்குன்னு வந்து நின்னுருவான்.

உன்ற பங்காளி