அளவு நோட்டின் பின்பக்கம்

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பசியாறிவிட்டாயா? வழக்கமாகக் கேட்பதுதான். ஆனால் இந்த முறை எனக்கு நிஜமாகவே பதில் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். தலைவலி நாளில் ஃபோன் வெளிச்சமும் என் குரலும் உனக்கு எதற்கு? காகிதம் கண்ணைக் குத்தாது. வலி விட்ட பிறகு படி.

திங்கட்கிழமை ராத்திரி பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் நின்றுவிட்டாய். "அதாம்மா, கதவுல போடுவோமே, இரும்புல..." அதற்கு மேல் சொல் வரவில்லை, அழுதுவிட்டாய். "பாட்டி மாதிரி ஆயிருவேனோம்மா" என்று கேட்டாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஆனால் அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஒரு சொல்லை மெசேஜில் அனுப்பியிருந்தாய். தாழ்ப்பாள். காலையில் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

பாட்டிக்குப் போன சொல் திரும்பி வந்ததே இல்லை. போய்விட்டது என்றுகூடக் கடைசியில் அவருக்குத் தெரியாது. நாற்பது வருஷம் இருந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இது யார் வீடு, உள்ள வரலாமா?" என்று என்னிடம் கேட்டார். உனக்குச் சொல் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் நான் தையல்காரி, டாக்டர் இல்லை. என் கதையைச் சொல்கிறேன், அதையும் காதில் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போ.

எனக்கு இந்த ஒற்றைத் தலைவலி முதலில் வந்தது 28 வயதில். அப்போது பினாங்கில் லெபோ பாசார் தெருப் பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவுக்கு ரவிக்கை அளவு எடுக்கிறேன், டேப்பில் 36 என்ற எண்ணில் 6 இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். 3 இருக்கிறது, பக்கத்தில் ஒன்றுமே இல்லை, கறுப்புகூட இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த ஓட்டையும் கூடவே வந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் ஓரத்தில் ஜரிகை பார்டர் மாதிரி கோணல்மாணலாக ஒரு மினுமினுப்பு. மெல்லப் பெரிதாகிக்கொண்டே போய் அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்புறம்தான் இடது பொட்டில் சம்மட்டி இறங்கியது. மறுநாள் சாயந்தரம்வரை படுக்கையும் வாளியுமாகக் கிடந்தேன்.

உன் அத்தை கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நான் சுக்கை இழைத்துப் பத்துப் போட்டேன், கோடாலித் தைலம் தேய்த்தேன். பத்து இதமாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலி தன் நேரம் முடிந்துதான் போகும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை இருக்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். ஒற்றைத் தலைவலி என்று பெயர் வைத்தது யாரோ, எனக்கு இரண்டு பக்கமும் வந்திருக்கிறது.

உனக்குத் தெரியாத பகுதி இதுதான். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில், தீபாவளி நெருங்கினால் ஒரு நாளைக்குப் பத்து ரவிக்கை வரும். தலைவலிக்கு நேரம் ஏது? மெஷின் டிராயரில் பாபின், ஊசிப் பொட்டலம், பக்கத்திலேயே வலி மாத்திரை அட்டை. காலையில் கோப்பியோடு ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி பிசிர் வெட்டும்போது இன்னொன்று. தீபாவளி முடிந்தும் வலி போகவில்லை, தினம் வந்தது. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மந்தம் வேறு. ஒரு காஞ்சிபுரம் ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். துணி மிச்சமில்லை. அதே நிறத்துக்குக் கடை கடையாக அலைந்து என் காசில் வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். ஒரு வெள்ளி பணம் கட்டிச் சீட்டு, மூன்று மணி நேரக் காத்திருப்பு. அந்த மலாய் டாக்டரம்மா வலியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் பாதிப் பெண்களின் தோள் அளவு என் நோட்டில் இருக்கிறது, என் மாத்திரைக் கணக்கு இல்லை! எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அளவு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். தேதி, வலி தொடங்கிய நேரம், என்ன மாத்திரை, சாப்பிட்டேனா, தூங்கினேனா, மாதவிலக்கு எப்போது. மாசக் கடைசியில் எண்ணினால் மாத்திரை போட்டது 22 நாள். டாக்டரம்மா தலையாட்டினார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, அல்லது மைக்ரேன் என்கிற இந்த ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மாத்திரையையும் பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். அவர் சொன்னபடி நிறுத்தினேன். முதல் பத்து நாள் என்னைப் பெற்ற தாயை எல்லாம் கூப்பிட்டேன். இரண்டு மாதத்தில் வலி நாள் பாதியாகக் குறைந்தது. நீ எத்தனை நாள் போடுகிறாய்? எண்ணிச் சொல். மனக்கணக்கு வேண்டாம்.

மறதிக்கு வருகிறேன். வலிக்கு முன்னால் ஒரு நாளும் வலி விட்ட பிறகு ஒரு நாளும் எனக்குப் புத்தி மங்கல்தான். முன்னால் கொட்டாவியாக வரும், கழுத்து பிடிக்கும், இனிப்பு கேட்கும். நான் கொட்டாவி விட்டாலே அப்பா வாளியைத் தேடுவார். வலி விட்ட மறுநாள் சர்க்கரை டப்பா இருக்கும் இடம்கூட மறந்துபோகும். மாதத்தில் எட்டு முறை வலி வருகிறவளுக்கு இப்படிப் போகும் நாள் எத்தனை என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

ஆனால் திங்கட்கிழமை எனக்கு உறைத்தது வேறு. வலி வராமல் தடுக்க மூன்று மாதமாகத் தினம் ஒரு மாத்திரை போடுவதாகவும், பெயர் 'டோப்பி' என்று தொடங்கும் என்றும் சொன்னாயே. டோபிராமேட்டா? பார்த்துச் சொல். எனக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை அதைக் கொடுத்தார்கள். வலி குறைந்தது உண்மை. ஆனால் ஆயர் ஈத்தாம் பாசாரில் கொத்தமல்லிக் கட்டின் முன்னால் நின்றுகொண்டு, "அந்த... ரசத்துல போடுவோமே" என்று விழித்தேன். கடைக்கார ஆச்சி புதினாவை எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விரல் நுனியும் சுருசுருவென்று இருந்தது, ஊசியைப் பிடித்தால் பிடித்த மாதிரியே தெரியாது. டாக்டரிடம் சொன்னபோது, சொல் கிடைக்காமல் தடுமாறுவதும் விரல் மரப்பதும் அந்த மருந்தின் வேலைதான் என்று, படிப்படியாகக் குறைத்து வேறு மாற்றினார். கொத்தமல்லி திரும்பி வந்தது. உன் விரலும் மரக்கிறதா?

நீயாக நிறுத்திவிடாதே. சீக்கிரம் போய்ச் சொல். அடுத்த வருஷம் குழந்தை பற்றி யோசிக்கிறோம் என்றாய் அல்லவா, அதையும் மறைக்காமல் சொல். வயிற்றில் வளரும் பிள்ளைக்கு அந்த மருந்து ஆகாது. இப்போது கருத்தடை மாத்திரை போடுகிறாய் என்றால் அதையும் சொல். கண்ணில் ஜரிகை ஓடுகிறவர்களுக்குச் சில கருத்தடை மாத்திரையால் பக்கவாத ஆபத்து கூடும். இதையெல்லாம் அம்மா எழுதுகிறாளே என்று கூச்சப்படாதே, எழுதும் எனக்கும்தான் கூச்சம். நாலு வருஷமாகச் சைவம் வேறு, மறதிக்கு அதுவும் காரணமா என்று ரத்தத்தில் பி12 சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்.

பசியாறினாயா என்று கேட்டதற்குக் காரணம், தைப்பூசம். நீ எஸ்பிஎம் பரீட்சை எழுதிய வருஷம் உனக்காகப் பால்குடம் எடுத்தேன். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில், உறுமி மேளம், சாம்பிராணி. தண்ணீர்மலைக்கு 513 படி. பாதியிலேயே கண்ணில் ஜரிகை ஓட ஆரம்பித்துவிட்டது. பாலை எப்படியோ முருகனிடம் சேர்த்துவிட்டு இறங்கி வந்து சாக்கடை ஓரத்தில் வாந்தி. வெறும் வயிறு எனக்கு ஆகாது என்று நோட்டு முன்பே சொல்லியிருந்தது, நான்தான் கேட்கவில்லை. இப்போது இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறுகிறேன், முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. நீ வெறும் கோப்பியோடு எல்ஆர்டி ரயில் ஏறுவது எனக்குத் தெரியும்.

இதை மட்டும் மாப்பிள்ளையும் படிக்கட்டும். திடீரென்று இடி விழுந்த மாதிரி இதுவரை வராத வலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இதில் எது வந்தாலும் மைக்ரேன்தானே என்று படுக்க வைக்க வேண்டாம். உடனே 999-ல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பார்சலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், கோடு போட்டுத் தந்திருக்கிறேன். தைலமும் இருக்கிறது. கருநீல ரவிக்கை உன் பழைய அளவில்தான் தைத்தது, உள்ளே இரண்டு அங்குலம் தையலுக்கு விட்டிருக்கிறேன். இறுக்கமாக இருந்தால் சொல். தீபாவளிக்கு வரும்போது புதிதாக அளந்து எழுதிக்கொள்கிறேன்.

அம்மா