தயிரைக் கடைசியில் ஊற்று

சயான், மும்பை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஜெல்லி மிட்டாய் (கம்மி) டப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பேரன் தம்பிக்கு ஆன்டிபயாட்டிக் முடிந்தும் வயிறு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை, அதனால்தான் நல்ல பாக்டீரியா சேர்த்த இந்தப் புரோபயாட்டிக் மிட்டாய் வாங்கினேன் என்கிறாய். உன் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த டப்பாவில் முதலில் எழுதியிருப்பது குளுக்கோஸ் சிரப், அடுத்தது சர்க்கரை. எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். இதையே பழம் போட்டு வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்டாயே, தாராளமாக முடியும். சூட்டில் மட்டும் கவனம் வேண்டும். நல்ல பாக்டீரியா என்று எதைச் சேர்த்தாலும் அது உயிரோடு பிள்ளை வயிற்றுக்குப் போக வேண்டும். அதையும் அடுப்பில் ஏற்றிவிட்டால் வெறும் ஜெல்லிதான் மிஞ்சும்.

ரிட்டயர் ஆகும்வரை லேபில் எனக்கு இதே வேலைதான் என்பது உனக்குத் தெரியும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் தூளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, 45 முதல் 50 டிகிரிக்குள் ஆறவிட்டு, சாம்பிளோடு கலந்து தட்டில் ஊற்றுவோம். மறுநாள் அந்தக் கெட்டியான அகருக்குள்ளேயே புள்ளி புள்ளியாகப் பாக்டீரியா முளைத்து நிற்கும். சூடு கூடினால் ஒன்றும் முளைக்காது. ஆறிப்போனால் ஊற்றும்போதே கட்டி தட்டிவிடும். தெர்மாமீட்டர் பக்கத்தில் இருந்தாலும் பிளாஸ்கை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்போம். சூடு நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது. உன் சமையலறையில் நீ செய்யப்போவதும் அதேதான்.

நீ இருக்கும் பெர்லினிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் அப்போது பாக்டீரியா வளர்க்க, விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். 37 டிகிரி பெட்டியில் வைத்தால் அது உருகிப்போகும். சில பாக்டீரியா ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, வீட்டில் ஜெல்லிக்குப் போடும் அகரைச் சொல்லிக்கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்த ஒரு டச்சுக் குடும்பத்திடமிருந்து அவருக்கு வந்த சமையல் பக்குவம் அது. 1882-ல் காசநோய்க் கிருமி பற்றிக் கோக் எழுதிய கட்டுரையில் அகர் வருகிறது, அந்த அம்மாவின் பெயர் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம்தான்.

மாப்பிள்ளை பன்றி, மாடு தொடமாட்டார். அங்கே கடையில் கிடைக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலில் எடுப்பது. அதனால் உங்களுக்கு அகர்தான் சரி. இங்கே மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டு வாங்குவேனே, அதுதான். நாம் தாராவியில் இருந்தபோது நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மாமி ரோஸ் நிறத்தில் கடல்பாசி கொடுத்தனுப்புவார், நீயும் உன் அண்ணனும் தட்டுக்குச் சண்டை போடுவீர்கள், அதுவும் இதுதான். நம் ஊர்ப் பக்கம் மண்டபம், பாம்பன் கடலில் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும்தான் அகராக மாறுகின்றன. பாக்கெட்டில் வரும்போது வெறும் வெள்ளைத் தூளாக இருப்பதால் அந்தப் பாடு நமக்குத் தெரிவதில்லை.

இனி செய்முறை. சின்னப் பாத்திரத்தில் 100 மில்லி தண்ணீர் விட்டு ஒன்றரை டீஸ்பூன் அகர் தூளைப் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிடு. பிறகு அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இரு, கொதி வந்தபின் இரண்டு மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். சூடானதும் கரைந்துவிட்டது போலத் தெரியும், நம்பாதே. கரண்டியைத் தூக்கிச் சாய்த்துப் பார், முதுகில் மணல் மணலாக எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. அகர் முழுதாகக் கரைய 85 டிகிரிக்கு மேல் போக வேண்டும், கெட்டியாவது 40-க்குக் கீழே. அடுப்பை அணைத்து, மிக்ஸியில் அடித்து லேசாகச் சூடுகாட்டிய பழக்கூழ் 200 மில்லி சேர். பழம் ஃபிரிட்ஜ் குளிரில் இருந்தால் அகர் அங்கேயே நூல் நூலாகத் திரிந்துபோகும்.

பிறகு காத்திரு. கலவை ஏறக்குறைய 50 டிகிரிக்கு இறங்கட்டும். தயிர் 100 மில்லி எடுத்து முன்கூட்டியே வெளியே வைத்திரு. உங்கள் ஊர்க் குளிருக்கு அது போதாது, கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வை. 30 டிகிரி தயிரில் ஒரு பங்கும் 50 டிகிரிக் கலவையில் மூன்று பங்கும் சேர்ந்தால் 45-ல் நிற்கும். தயிர்ப் பாக்டீரியாவுக்கு 42, 45 என்பது பிடித்தமான சூடு, அகரும் அதுவரை இளகித்தான் இருக்கும். கட்டி இல்லாமல் அடித்த தயிரை ஊற்றி, நாலு சுற்றுச் சுற்றி, உடனே தட்டில் ஊற்றிவிடு. அதற்குப் பிறகு போன் வந்தாலும் எடுக்காதே.

தயிர் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பார். உறைந்தபின் சூடாக்கிய தயிர் என்றால் அதை எழுதியிருப்பார்கள், அது வேண்டாம். கெஃபிர் என்ற புளித்த பால் கிடைத்தால் அதையும் ஊற்றலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த புரோபயாட்டிக் பொடியை மட்டும் இந்த அகரில் கலக்காதே. வகைக்கு வகை சூடு தாங்குவது வேறுபடும், அளவும் துண்டுக்குத் துண்டு மாறிவிடும். அதை ஆறின தண்ணீரிலோ தயிரிலோ தனியாகக் கொடு. கடைக் கம்மியில் பல நேரம் பாசிலஸ் கோயாகுலன்ஸ் மாதிரி வித்தாக உறங்கும் பாக்டீரியாவைப் போடுகிறார்கள். அது சூட்டைத் தாங்கும், நம் தயிர் தாங்காது.

உன் தோழி ஜெலட்டினில் செய்கிறாள் என்றாயே, அவளுக்கும் சொல்லிவிடு. தாள் தாளாக வரும் ஜெலட்டினில் ஆறு இலை அரை லிட்டருக்கு, கையில் எடுத்துத் தின்கிற மாதிரி வேண்டுமென்றால் அதில் இரு மடங்கு. பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, வெந்நீர்ச் சூட்டில் கரைக்க வேண்டும், கொதிக்க விடக் கூடாது. உடம்புச் சூட்டுக்கு ஆறினபிறகும் ஜெலட்டின் இளகியே இருப்பதால் தயிர் சேர்க்க அவளுக்கு நிறைய நேரம் கிடைக்கும். அந்த விதத்தில் அவள் வழி சுலபம். ஆனால் வேகவைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி போட்டால் உறையாது. அந்தப் பழங்களில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது, ஜெலட்டின் புரதம். பழத்தைச் சில நிமிடம் கொதிக்க வைத்துவிட்டால் சரியாகும். அகர் புரதம் இல்லை, அதனால் உனக்கு அந்தத் தொல்லை கிடையாது. எலுமிச்சை, கோகம் போன்ற கடும் புளிப்பை மட்டும் அகரோடு சேர்த்துக் கொதிக்க விடாதே, பிடிப்பு போய்விடும். அடுப்பை அணைத்தபின் சேர்.

இனிப்புக்கு நன்றாகப் பழுத்த மாம்பழம், வாழைப்பழம், பேரீச்சை போதும். தம்பிக்கு ஐந்து வயது ஆகிவிட்டது, ஒரு ஸ்பூன் தேன் விடலாம். உன் நாத்தனாரின் கைக்குழந்தைக்கு வாயில் ஒரு துளி தேன்கூட வைக்கக் கூடாது, ஒரு வயது நிறையட்டும். இந்த ஜெல்லியும் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

தொண்டை விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம், கோபித்துக்கொள்ளாதே. அகர் ஜெல்லி வாய்ச்சூட்டில் உருகாது. வாயில் வைத்து உறிஞ்சும் சின்னக் கப் ஜெல்லியில் அகர் போன்றவற்றைச் சேர்ப்பதை ஐரோப்பாவில் 2004-ல் நிறுத்தியதே பிள்ளைகளுக்கு அடைப்பு வரும் என்றுதான். உருண்டை அச்சு, கரடி அச்சு எதிலும் ஊற்றாதே. அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, சின்னதாக வெட்டி, உட்கார வைத்து, மென்று தின்னச் சொல். காரில் கொடுக்காதே.

இது மருந்து இல்லை அம்மா. 2001-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் புரோபயாட்டிக் என்பதற்கு வைத்த வரையறையே, உயிருள்ள நுண்ணுயிர், போதுமான அளவில், உடலுக்கு நன்மை செய்ய வேண்டும் என்பது. ஒரு துண்டில் எத்தனை உயிர் இருக்கிறது என்று உன் தட்டை வைத்து யாரும் சொல்ல முடியாது. பழமும் தயிரும் பிள்ளை விருப்பமாகச் சாப்பிடுகிறான், சர்க்கரை குறைகிறது, அதற்காகச் செய். பேதி நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடு. அடியில் கொஞ்சம் தண்ணீர் விடும், அகருக்கு அது இயல்பு, கெட்டுப்போகவில்லை. புளித்த வாடை தூக்கலாக வந்தால் கொட்டிவிடு. முதல் தடவை உறைந்த ராஸ்பெர்ரியில் செய், நிறம் தயிரோடு நன்றாக வரும். விதையை வடிகட்டு, பல்லில் சிக்கினால் தம்பி துப்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பாத்திரத்தைத் தூக்கிக் காட்டு, எத்தனை கெட்டியாக வந்தது என்று பார்த்து அகரைக் கூட்டவோ குறைக்கவோ சொல்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அம்மா