இறால் வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்துக்கு வாங்கிய பி.ஹெச் மீட்டரை, அதாவது நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் கருவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குளத்து நீரின் பி.ஹெச் 7.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும், காலைக்கும் மாலைக்கும் 0.5-க்கு மேல் ஆடக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். பகலில் பாசி கரியமில வாயுவை இழுப்பதால் பி.ஹெச் ஏறுகிறது, ஏறினால் அம்மோனியாவின் நச்சும் கூடுகிறது. இதுவரை அளந்தது கண்ணாடிக் குமிழ் மீட்டரில். என் பண்ணையிலேயே இரண்டு குமிழ்கள் கரையில் பட்டு உடைந்தன. புதியதில் குமிழே கிடையாது, முனையில் ஒரு சிலிக்கான் சில்லு இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சில்லின் கதையை உறுப்பினர் ஒருவரின் மகள், மின்னணுவியல் படிக்கும் பெண், நம் கூட்டத்தில் சொன்னார். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் மின்பொறியாளராக இருந்த பீட் பெர்க்வெல்ட் உருவாக்கியது. நரம்பில் அயனிகள் நகர்வதை அளப்பதுதான் அவர் நோக்கம். டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட் என்ற பகுதியின் மேலிருக்கும் உலோகத்தை எடுத்துவிட்டு, அதனடியிலுள்ள ஆக்சைடு படலத்தை நேராகத் திரவத்தில் நனைய விட்டார். திரவத்தின் ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஏற்ப அந்தப் பரப்பின் மின்னூட்டம் மாறுகிறது, உள்ளே ஓடும் மின்னோட்டமும் கூடவே மாறுகிறது. இதை 1970-ல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார்.

ஒப்பிட்டு அளக்க நிலையான மின்னழுத்தம் தரும் தனி ஒப்பீட்டு மின்முனை வேண்டாம் என்றுதான் முதலில் கருதினார். அது கட்டாயம் தேவை என்று பிறகு தெளிவானது. சிலிக்கான் ஆக்சைடுக்குப் பதில் அலுமினியம் ஆக்சைடு, டான்டலம் ஆக்சைடு என்று படலத்தை மாற்றிய பிறகே அளவு நம்பும்படி ஆனது. அவரே பேராசிரியராகி, முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஒரு கருவியோடு நின்றார். எனக்கு அதுதான் பெரிதாகப்படுகிறது. மரபணுவைப் படிக்கும் சில சில்லுகளும் இன்று இதே முறையில் வேலை செய்கின்றனவாம். நரம்புக்காகத் தொடங்கியது நம் குளத்தங்கரைக்கும் வந்துவிட்டது.

சரி, மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதிலும் அளவு மெல்ல நகரும். ஆகவே எடுத்துப் போகிறவர்கள் முதலில் பி.ஹெச் 7, 10 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்க்க வேண்டும். விடியலுக்கு முன் ஒரு முறை, பிற்பகல் 3 மணிக்கு ஒரு முறை அளந்து, சங்க நோட்டில் எழுதுங்கள். முனையை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் திருப்பித் தாருங்கள். மீட்டர் பொருளாளர் வீட்டில் இருக்கும்; பஃபர் செலவைச் சங்கமே ஏற்கும்.

இப்படிக்கு,
செயலாளர்