கோவளம் செல்வோர் கவனத்துக்கு

களியக்காவிளையிலிருந்து கோவளம் புறப்படும் நம் குழுவினருக்கு வணக்கம். விடுதி வாசலிலேயே கடல் என்பதற்காக அதை ஊர்க் குளமாக நினைத்துவிடாதீர்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், பெரும்பாலும் அங்கேதான் நீர் உள்ளே இழுக்கும். சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். சென்ற முறை என் அக்காள் மகன் முழங்காலளவு நீரில்தான் நின்றான். காலடி மணல் சரிந்து விழுந்துவிட்டான். உயிர்காப்பாளர் ஊதிய விசில் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால், காற்றே இல்லாவிட்டாலும் இறங்காதீர்கள். தொலைதூரப் பெருங்கடலில் எழும் அலை அது. பகல் 11 முதல் 3 மணி வரை பிள்ளைகளை நிழலில் வைத்திருங்கள். தங்கச் சங்கிலிகள் வீட்டிலேயே இருக்கட்டும்.