வெறுமைக்குக் காரணம் இயற்கை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான ஸ்காட்லாந்து பயணக் கட்டுரை, அந்நாட்டின் வடக்கு மலைப்பகுதியை 'மனிதக் காலடி படாத நிலம்' என்று வருணித்திருந்தது. படித்ததும் மனம் ஆறவில்லை. சதர்லாந்தில் உள்ள கில்டோனன் என்ற ஒரு திருச்சபைப் பங்கின் கணக்கைப் புரட்டினாலே அந்த வருணனை நிற்காது. 1811 கணக்கெடுப்பின்போது அங்கே 1,574 பேர் வாழ்ந்தார்கள். 1831இல் எஞ்சியவர்கள் 257 பேர்.

கில்டோனனில் மேட்டுநிலம் பெரும்பாலும் சதுப்பு, ஏர் பூட்ட ஆகாது. ஹெல்ம்ஸ்டேல் ஆற்றின் கரையோரம் கிடக்கும் குறுகலான வண்டல் துண்டுகளில்தான் ஓட்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் விளைந்தன. கோடையில் மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள். செழிப்பான மண் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட மண் அது. செவியட் இனச் செம்மறிகளுக்குக் குளிர்காலத்தில் தேவைப்பட்டதும் இதே ஆற்றோரப் பசும்புல்தான். குடிகள் தரும் குத்தகையைவிட ஆட்டுப்பண்ணை தரும் குத்தகை அதிகம் என்று நிலத்தின் சொந்தக்காரரான சதர்லாந்து சீமாட்டியின் நிர்வாகம் கணக்குப் போட்டது. குடிகளை வெளியேற்ற முடிவு செய்தது.

1813இல் ஆட்டுப்பண்ணைக்காக நிலத்தைப் பார்வையிட வந்தவர்களை ஊரார் விரட்டியடித்தார்கள். பட்டாளம் வந்தது. அவ்வாண்டே வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு கூட்டம் செல்கிர்க் பிரபுவின் கனடா குடியேற்றத்துக்குக் கப்பலேறியது. நடுக்கடலில் காய்ச்சல் பரவியது. ஹட்சன் விரிகுடாவில் சேரவேண்டிய துறைக்கு வெகு வடக்கே, சர்ச்சிலில் இறக்கிவிடப்பட்டார்கள். அங்கேயே குளிர்காலத்தைக் கழித்து, 1814 வசந்தத்தில் இளவயதினர் பலர் தாங்கள் முதலில் சேரவேண்டியிருந்த யார்க் ஃபேக்டரி என்ற வணிகத் தளம் வரை பனியில் நடந்தே போனார்கள். இன்றைய வின்னிபெக் நகரில் கில்டோனன் என்ற பெயர் இருப்பது இவர்களால்தான். 1819இல் மறுபடியும் வெளியேற்றம் நடந்தது. ஊர்கள் அநேகமாக ஒழிந்தன.

பிற்காலக் கணக்கெடுப்புகளில் கில்டோனனின் மக்கள்தொகை ஏறியிருப்பதைக் காட்டிச் சிலர் வாதாடக்கூடும். கடலோர மீன்பிடி ஊரான ஹெல்ம்ஸ்டேல், முன்பு பக்கத்து லோத் பங்கில் இருந்தது. எல்லை மாறி இது கில்டோனனோடு சேர்ந்ததால் கூடிய எண்ணிக்கை அது. பள்ளத்தாக்குக்கு மக்கள் திரும்பி வந்துவிடவில்லை. 1869இல் தங்கம் தேடி நூற்றுக்கணக்கானோர் கூடாரம் அடித்தார்கள். அவர்களும் ஓராண்டுக்குள் கலைந்துபோனார்கள்.

புல் மூடிய வீட்டு அடித்தளங்களை அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் பார்க்கலாம். கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்த வரலாற்றையும் சேர்த்து, அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி