வாய்க்கால் ஏன் வளைந்து போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருந்துறைப் பக்கம் 31 வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு, வாரம் ஒரு நாள் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே இருக்கும் ஸ்மார்ட் போர்டு பற்றித்தான் இந்தக் கடிதம்.

வரைபடத்தில் ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்து வரைகிற சம உயரக் கோடு பற்றிய பாடத்தை நான் நடத்திப் பார்க்காத விதமில்லை. உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அறுத்து, தாளில் வைத்து வரைந்து காட்டியிருக்கிறேன். தலையை ஆட்டுவார்கள், பரீட்சையில் வட்டம் வட்டமாகப் போட்டுவிட்டு வருவார்கள். போன மாதம், கூகுள் எர்த்தில் எடுத்த எங்கள் பகுதிப் படத்தைப் போர்டில் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். கீழ்பவானி வாய்க்கால் நெளிந்து நெளிந்து போகிறது. அதற்குக் கீழ்ப்பக்கம் நெல்லும் மஞ்சளுமாக ஒரே பச்சை. மேட்டுப்பக்கம் செம்மண் நிறம். கிணறு இருக்கிற இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாகத் தென்னை.

ஒரு பையன் எழுந்தான். “ஏனுங்க சார், ரோடாட்டம் நேரா வெட்டாம வாய்க்காலை எதுக்கு இப்படிச் சுத்தி வளைச்சு வெட்டியிருக்காங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை சொன்னது: “மேட்டுல தண்ணி ஏறுமா? எங்க மேட்டாங்காட்டுக்கு ஒரு சொட்டு வராது.”

பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர், மோட்டார் இல்லாமல் வாட்டத்திலேயே தண்ணீர் ஓட வேண்டும் என்று நிலத்தின் மட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால் அது. நான் உருளைக்கிழங்கில் தேடியது ஊருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதே போர்டில் இன்னொரு நாள் ஆறுகள் பற்றி ஒரு வீடியோ. 20 நிமிடம், இடையில் நிறுத்தவே இல்லை. ஆசிரியை ஓரமாக உட்கார்ந்து ஏதோ விவரத்தைச் செல்போனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கே அனுப்பியாக வேண்டுமாம். பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கவில்லை. 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலிருந்தே கியூஆர் கோடு அச்சிட்டு வருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் இந்தப் பள்ளியில் நெட் என்றால் ஆசிரியர் சொந்தக் காசு போட்ட ஹாட்ஸ்பாட்தான். படம் சுற்றிக்கொண்டே நிற்கும். அதற்குப் பயந்துதான் நான் எல்லாவற்றையும் வீட்டிலேயே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

புதுப் போர்டு வாங்குவதற்கு முன்னால், இருக்கிற போர்டுக்கு நெட்டும் யுபிஎஸ்ஸும் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். அந்தந்த வட்டாரத்துப் படங்களை ஆசிரியர்களே சேர்த்து வைக்க மாதம் அரை நாள் ஒதுக்கினாலும் போதும். அகழாய்வு நடந்த கொடுமணல், ஆறுகள் கூடுகிற பவானி கூடுதுறை எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். நான் பார்த்த வரை, அந்தப் போர்டில் அவற்றுக்கு ஒரு படம் இல்லை.

நொய்யல் காவிரியில் சேர்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த மேட்டாங்காட்டுப் பிள்ளை கேட்டிருக்கிறது. கரண்ட் இருந்தால் வருகிற வாரம் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.