கொழும்பை அளந்தால் வெல்லாவெளி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

டிஜிட்டல் கொள்கை வகுக்கும்போது அயல்நாடுகளோடு நம்மை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒப்பிடட்டும், நல்லதுதான். எதை எதோடு வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. நான் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் பதினொரு வருடமாகக் கொமினிகேசன் நடத்துகிறேன். போட்டோ கொப்பி, றீலோட், லெமினேட்டிங் என்று தொடங்கிய கடையில் இப்போது பாதி நாள் ஒன்லைன் படிவம் நிரப்புவதிலேயே போகிறது.

ஐ.நா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியிடும் மின்னரசாங்க ஆய்வில், 193 நாடுகளில் இலங்கை 2022இல் 95ஆவது, 2024இல் 98ஆவது. அதே இரண்டு வருடத்தில் இந்தியா 105இலிருந்து 97க்கும், வங்காளதேசம் 111இலிருந்து 100க்கும் ஏறிவிட்டன. இதைப் பார்த்துக் கொழும்பில் யாராவது கொஞ்சம் பதறினால் சந்தோசம். ஆனால் அந்தத் தரவரிசைச் சுட்டி இணையச் சேவை, தொலைத்தொடர்பு வசதி, மக்களின் கல்வி ஆகிய மூன்றையும் முழு நாட்டுக்குமாகச் சேர்த்துப் போடுவது. உள்ளூர்ச் சேவைகளைத் தனியாகவும் பார்க்கிறார்கள். அதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சனத்தொகை கூடிய ஒரு நகரத்தை எடுக்கிறார்கள். நமக்கு அது கொழும்பு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வெல்லாவெளி இருக்கும் படுவான்கரையில் என்ன நடக்கிறது என்று அந்த ஆய்வு சொல்லாது. சொல்லவேண்டிய கடமையும் அதற்கு இல்லை. நம்முடைய ஆட்கள்தான் அதை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

போன மாதம் மண்டூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வாவியைக் கடக்கும் மிதவையான ‘பாதை’யில் ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ. ஒரு கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘தமிழ்’ என்ற பொத்தானை அழுத்தினேன். தலைப்புகள் தமிழாகின, பிழைச் செய்தி மட்டும் சிவப்பெழுத்தில் ஆங்கிலத்திலேயே வந்துகொண்டிருந்தது. பெயரை ஆங்கிலத்தில்தான் ஏற்கும். அவருடைய பெயரோ அடையாள அட்டையில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். சரி, அதையும் தாண்டினோம். அப்புறம் ஓ.டி.பி. அவர் பெயரில் பதிந்த சிம் கட்டாரில் மகனுடைய போனில் கிடக்கிறது. மூன்று தரம் எடுத்தோம், மகன் பேசவில்லை. நேரம் முடிந்து பக்கம் தன்பாட்டில் முதலாம் இடத்துக்குத் திரும்பிவிட்டது. “அவனுக்கு இப்ப டியூட்டி மனே, பின்னேரம் எடுத்தாச் சரிவருமா?” என்று கேட்டார். பின்னேரம் வரைக்கும் நிற்க அவரால் முடியாது, பேரப்பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்துவிடுவார்கள்.

ஒப்பீட்டு அட்டவணையில் இந்தச் சேவைக்கு நேரே ‘இணையத்தில் உண்டு’ என்று ஒரு சரி விழும்.

உள்நாட்டுக் கணக்கும் அப்படித்தான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி, கணினியைத் தானாகப் பயன்படுத்தக் கூடியவர் கணினி அறிவுள்ளவர். ஐந்து வயதுப் பிள்ளை அதில் கேம் விளையாடினாலும் போதும். என் தங்கையின் மகன் அந்தக் கணக்கில் முதல் தரம். இணையக் கட்டணத்துக்கும் உலக அளவுகோல் ஒன்று உண்டு, அடிப்படை இணையச் செலவு தலா வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. அதுவும் நாட்டுச் சராசரி வருமானம். வெள்ளாமை வெட்டு முடிந்து கூலி இல்லாத மாதத்தில் ஒரு வெல்லாவெளிக்காரரின் கையில் இருப்பதை வைத்து யாரும் அளப்பதில்லை.

அயலவரிடம் பார்க்க வேண்டியது வேறு. வங்காளதேசம் 2010இல் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட யூனியன்களில், அதாவது கிராம மட்டத்து உள்ளூராட்சி அலகுகளில், சேவை நிலையங்களைத் திறந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். கேரளம் 2002இல் அட்சயா நிலையங்களைத் தொடங்கியபோது திருவனந்தபுரத்தை விட்டுவிட்டு மலப்புறத்தில் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவருக்காவது கணினி பழக்க வேண்டும் என்பது இலக்கு. தமிழ்நாட்டு இ-சேவை மையங்களில் கட்டணம் இவ்வளவு என்று அரசாங்கமே வைத்திருக்கிறது. இடையில் உதவிக்கு ஒரு ஆள் தேவை என்பதை இவர்கள் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டு, அந்த ஆளையும் திட்டத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். நாமும் நெனசல என்ற அரசாங்கத்தின் கிராமத்துக் கணினி நிலையங்களுக்காக 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் பரிசு வாங்கிய நாடுதான்.

இங்கே அந்த இடையாள் நான். எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை, கட்டணம் நான் வைப்பதுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: என் மேசை லாச்சியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. இருநூறு பேருக்கு மேற்பட்டவர்களின் அடையாள அட்டை இலக்கமும் கடவுச்சொல்லும் அதில் இருக்கின்றன. மறந்துவிடுவோம் என்று அவர்களே எழுதித் தந்துவிட்டுப் போகிறார்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது எனக்குத் தெரியும். கொப்பியை எரித்தால் அடுத்த நாள் இருபது பேர் வந்து நிற்பார்கள் என்பதும் தெரியும்.

ஆகவே, ஒப்பிட விரும்புகிறவர்கள் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக எண்ணட்டும். நம் மாவட்டத்தில் பதினான்கு இருக்கின்றன. ஒரு விண்ணப்பத்தைத் தொடங்கிய பத்துப் பேரில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை தரம் அலைந்தார்கள், தமிழில் முடித்தார்களா, இடையாளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கட்டும். அந்தத் தாளைக் கொண்டுபோய் மலப்புறத்துக் கிராமம் ஒன்றோடும் வங்காளதேசத்துக் கரையோர யூனியன் ஒன்றோடும் வைத்துப் பார்க்கட்டும். அதில் நாம் எத்தனையாவது இடம் வந்தாலும் எனக்குச் சம்மதம்.

மண்டூர் அம்மா வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறார். அன்றைக்கு மகனுக்கு லீவாம்.

இப்படிக்கு,
கொமினிகேசன் கடைக்காரர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.